கல்வீட்டுக்கு வாரிசு ஆர்?

மட்டக்களப்புப் பக்கம் வீடு தாய்வழியாத்தான் போகும். மகளுக்குக் கலியாணம் எண்டா இருக்கிற வீட்டை அவள் பேருக்கு எழுதிக் குடுத்திட்டு, தாய் தகப்பன் அதே வளவில சின்னதா ஒண்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவாங்க. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். கிடுகு வேய்ந்த மண்வீடுகள் நிறைஞ்சிருந்த காலத்தில ‘கல்வீடு’ எண்ட சொல்லுக்கே சீதனப் பேச்சில தனி எடை இருந்தது. இண்டைக்கும் எங்கட பக்கத்தில ஒரு வீட்டின் கதையைக் கேட்டா அம்மம்மாவின் பேரிலிருந்துதான் தொடங்குவாங்க.

எங்கட நகரத்தின் மிகப் பழைய கல்வீட்டுக்கு மட்டும் இந்தக் கணக்குச் சரிவராது. புளியந்தீவில வாவிக்கரையில நிற்கிற கோட்டையைத்தான் சொல்றம். போர்த்துக்கேயர் கட்டினார்கள். ஒல்லாந்தர் பிடித்தார்கள். ஆங்கிலேயர் பிடித்தார்கள். மறுகா சுதந்திர இலங்கையின் அரசாங்கம் அதுக்குள்ள கச்சேரி நடத்தினது. 1628ஆம் ஆண்டிலிருந்து எண்ணினா, 2028இல் அதுக்கு 400 வயசு. இந்த நேரத்திலதான் கச்சேரி வெளிக்கிட்டிருக்கு: 2024இல் திராய்மடுவில் புதிய மாவட்டச் செயலகம் திறக்கப்பட்டது. இனி இந்தப் பழைய கட்டடத்தைத் திருத்தி என்ன செய்யிறது, ஆருக்காகத் திருத்துறது எண்ட கேள்வி முன்னால வந்து நிற்குது. இதுக்கு எங்கட தலைமுறை வாய் திறக்காட்டி வேற ஆரோ பதில் சொல்லிப்போடுவாங்க. அதனால, முதல்ல அந்த வீட்டின் கதையை நாங்களே ஒருக்கா ஒழுங்காப் படிப்பம் எண்டு நினைச்சம்.

ஒரு சொல் விடுபட்ட உறுதி

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மேற்குக் கரை போர்த்துக்கேயர் கையில் இருந்தது. மலைநாட்டில் கண்டி அரசு தனித்து நின்றது. கடலுக்குப் போக அதற்கு மிஞ்சியிருந்த பெரிய வாசல்கள் கிழக்கில்தான்: திருகோணமலை ஒன்று, மட்டக்களப்பு மற்றது. 1602 மே 31 அன்று யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்புக்கு அப்பால் நங்கூரமிட்டு, இங்கிருந்துதான் கண்டிக்குப் போய் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். அவருக்குப் பின்னால் வந்த செபால்ட் த வேர்ட் அரசனோடு முரண்பட்டு, 1603இல் மட்டக்களப்பிலேயே தன் ஆட்களோடு கொல்லப்பட்டார். ஒல்லாந்தரின் இலங்கைக் கதை தொடங்குற இடம் எங்கட ஊர்தான்.

இந்த இரண்டு வாசலையும் பூட்டப் போர்த்துக்கேயர் முடிவெடுத்தார்கள். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1620களின் தொடக்கத்தில் திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து, அங்கே கோட்டை எழுப்பினார். அடுத்ததாக 1628இல் மட்டக்களப்பு. வாவிக்குள் இருந்த புளியந்தீவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் எண்டு விளங்க, படம் ஒண்டைப் பார்த்தாலே போதும். சதுரமான கோட்டை, மூலைக்கொரு கொத்தளம். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. முகத்துவாரத்தால் உள்ளே வருகிற வள்ளம் எதுவும் காவலாளியின் கண்ணில் படாமல் போகாது.

அந்தப் பூட்டு பத்து வருசம்தான் நின்று பிடித்தது. 1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையைத் தோற்கடித்த இரண்டாம் இராஜசிங்கன், மே மாதம் ஒல்லாந்தத் தளபதி அடம் வெஸ்டர்வோல்ட்டோடு சேர்ந்து மட்டக்களப்பைத் தாக்கினான். மே 18 கோட்டை விழுந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான். ஐந்து நாள் கழித்து, மே 23 அன்று, மட்டக்களப்பில் வைத்தே அரசனும் வெஸ்டர்வோல்ட்டும் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள்.

இனித்தான் கதை சூடு பிடிக்குது. பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்தலாம் எண்டு அந்த ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவு சொல்லுது. அரசனிடம் இருந்த பிரதியில் ‘அரசர் விரும்பினால்’ எண்ட நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை. தன் அனுமதியோடுதான் ஒல்லாந்தர் இருப்பார்கள் எண்டு அரசன் நினைத்தான். அனுமதி தேவையில்லை எண்டு அவர்கள் நடந்துகொண்டார்கள். அடுத்த பல வருசச் சண்டைக்கும் சந்தேகத்துக்கும் இந்தச் சில சொற்கள் காரணமாயின. காணி உறுதியில ஒரு சொல் விடுபட்டா என்ன நடக்கும் எண்டு எங்கட சனத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. இந்த வீட்டின் முதல் உறுதியே அப்படிப்பட்ட உறுதிதான்.

இடையில் ஒல்லாந்தர் மட்டக்களப்பை விட்டு விலகினாலும், 1668இல் திரும்பி வந்து கோட்டையை மறுபடி நிலைநிறுத்தினார்கள். 1766 ஒப்பந்தத்தோடு கரையோரம் முழுவதும் சட்டப்படி அவர்கள் கைக்குப் போனது. 1795 செப்டெம்பரில் ஆங்கிலேயர் வந்தார்கள்.

இந்த ஆண்டுகளை எல்லாம் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பீங்க. ஆனா அந்த வரிசையில இல்லாத ஒரு கூட்டம் இருக்கு. கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு சுட்டவர்கள், அகழி வெட்டினவர்கள். தளபதிகளின் பேர் கப்பல் ஏடுகளில் நாள் தேதியோட இருக்கு. இவர்கள் ஒருவரின் பேரையும் நாங்கள் பாடப்புத்தகத்தில காணல்ல.

கதிரை, மேசை, கந்தோர்

வந்தவர்கள் போயிட்டாங்க. அவங்கட சொற்கள் போகல்ல. ஒரு கச்சேரி அறையை நினைச்சுப் பாருங்க. உட்காரக் கதிரை, எழுத மேசை, கோப்பு அடுக்க அலுமாரி, காற்று வர யன்னல், சனம் காத்திருக்க விறாந்தையில ஒரு வாங்கு. இதெல்லாம் போர்த்துக்கேயரோட வந்த சொற்கள். அந்த அறைக்குப் பேர் கந்தோர். அது ஒல்லாந்தச் சொல். உறுதி முடிக்கிற நொத்தாரிசும் ஒல்லாந்தர் வழி வந்தவர்தான். முழுக் கட்டடத்துக்கும் கச்சேரி எண்டு பேர். ஆங்கிலேயர் வட இந்தியாவிலயிருந்து கொண்டு வந்த சொல் அது. இப்ப புதுக் கட்டடத்துக்கு மட்டும் மாவட்டச் செயலகம் எண்டு நல்ல தமிழில பேர். கோட்டைச் சுவரில எத்தனை அடுக்கு இருக்கோ, எங்கட வாயில அத்தனை அடுக்கு இருக்கு.

சொல்லை விடப் பெரிய மிச்சமும் இருக்கு. மட்டக்களப்பின் பறங்கியர் சமூகம். அவர்களில் பலர் இன்றைக்கும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி பேசுகிறார்கள். ஒல்லாந்தர் போர்த்துக்கேயரைத் துரத்தினார்கள். ஆனால் இந்த மொழியைத் துரத்த முடியல்ல. நானூறு வருசமாத் தமிழோட பக்கத்து வீடாக இருந்ததால, சொற்கள் போர்த்துக்கேயமாக இருந்தும் வசனத்தின் ஒழுங்கு தமிழ் மாதிரி ஆகிட்டுது: வினைச்சொல் கடைசியில வரும். தச்சு வேலை, இரும்பு வேலை எண்டா முந்தி நகரத்தில பறங்கியர் பட்டறையைத்தான் தேடிப் போவாங்க. 2004 ஆழிப்பேரலை டச்பார்க் கரையில் வாழ்ந்த அந்தக் குடும்பங்களைக் கடுமையாகத் தாக்கியது. கோட்டையைப் பற்றி எழுதுற சுற்றுலாக் கையேடுகள் சுவரின் கதையைச் சொல்லும். சுவருக்கு வெளியே இன்னும் உயிரோட இருக்கிற இந்த மொழியைச் சொல்றது குறைவு.

கச்சேரிக் காலம்

எங்கட வீடுகளில கேட்டுப் பாருங்க. “கோட்டைக்குப் போனீங்களா?” எண்டு கேட்டா அம்மம்மாவுக்கு உடனே விளங்காது. “கச்சேரிக்குப் போனீங்களா?” எண்டா அடுத்த நிமிசமே கதை வரும். காணிப் பேர்மிட், ஓய்வூதியம், பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு, நிவாரணம், நட்டஈடு. கிராம சேவகரின் கடிதத்தைப் பையில வைச்சுக்கொண்டு முதல் பஸ்ஸில வந்து, விறாந்தையில குந்தியிருந்து, “ஐயா இன்னும் வரல்ல” எண்டதைக் கேட்டு, அடுத்த நாளும் வந்தவர்களின் கட்டடம் அது.

1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட பிறகும், போரில ஊர் ஊரா இடம்பெயர்ந்த பிறகும், 2004 டிசம்பருக்குப் பிறகும் மாவட்ட நிர்வாகத்தின் கதவு எண்டா இந்தக் கதவுதான். படுவான்கரையிலயிருந்து வாவியைக் கடந்து வந்தவரும், ஏறாவூரிலயிருந்தும் காத்தான்குடியிலயிருந்தும் வந்த முஸ்லிம் சனமும், நகரத்துப் பறங்கியரும், சிங்களக் குடும்பங்களும் ஒரே விறாந்தையில காத்திருந்தாங்க. எங்கட மாவட்டத்தில கோயிலும் பள்ளியும் தேவாலயமும் தனித்தனிதான். பள்ளிக்கூடமும் பெரும்பாலும் தனித்தனிதான். எல்லாரும் ஒரே வரிசையில நின்ற கட்டடம் வேற எது எண்டு எங்களுக்குள்ள யோசிச்சுப் பார்த்தம். ஆஸ்பத்திரியை விட்டா இதுதான்.

அந்த நினைவுகள் இனிப்பானவை எண்டு நாங்கள் சொல்ல வரல்ல. காணாமல்போன பிள்ளையின் படத்தோட வந்து, இறப்புச் சான்றிதழ் எடுக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுக்க முடியாமத் திரும்பிப் போன தாய்மாருக்கு இந்தப் படிக்கட்டு எப்படி நினைவிருக்கும்? ஆனா அதுவும் இந்தக் கட்டடத்தின் வரலாறுதான். 1638இல் சுட்ட பீரங்கிக்கு ஒரு பலகை வைக்கிறம் எண்டா, அந்தத் தாய்க்கு ஏன் வைக்கக்கூடாது?

1815 மார்ச் 2

இலங்கையில் எது பழஞ்சின்னம் எண்டு தீர்மானிக்கிறது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். அது ஒரு கோடு போடுது: 1815 மார்ச் 2. கண்டி அரசு ஆங்கிலேயரிடம் போன நாள். அதுக்கு முந்தினது தொன்மை. அதுக்குப் பிந்தின கட்டடம் எண்டா 100 வருசம் கடந்திருக்க வேணும், அமைச்சர் வர்த்தமானியில தனியா அறிவிக்கவும் வேணும். கோட்டைச் சுவர் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்திரமா இருக்கு. கச்சேரிக் கதை முழுக்க அந்தப் பக்கம் கிடக்கு. சட்டத்தின் கண்ணுக்கு, விறாந்தையில போட்டிருந்த வாங்கு தளபாடம், அவ்வளவுதான்.

கிழக்கில தொல்பொருள் எண்ட சொல்லைக் கேட்டாலே சனத்துக்கு ஒரு நெஞ்சிடி இருக்கு. அதுக்குக் காரணமும் இருக்கு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கெண்டு ஜனாதிபதி செயலணி ஒண்டு அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் தலைவர். முதலில் நியமிக்கப்பட்ட 11 பேரில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழுற மாகாணம் இது. வயலுக்குப் பக்கத்தில ஒரு அறிவிப்புப் பலகை நட்டா, ‘நாளைக்கு இந்தக் காணி எங்களுக்கு இருக்குமா’ எண்டுதான் சனம் முதல்ல கேக்குது. கல்லின் வயசைக் கேக்கிறது அதுக்குப் பிறகுதான்.

அந்தப் பயத்தால நாங்களும் ஒரு பக்கம் ஒதுங்கிட்டம். ‘அது அவங்கட வேலை’ எண்டு தொல்பொருளை விட்டுக் குடுத்திட்டம். எங்கட கலைப்பீடத்தில வரலாறு படிக்கிறவங்க எத்தனை பேர். கட்டடப் பாதுகாப்பை ஒரு தொழிலா எடுக்க நினைக்கிறவங்க எத்தனை பேர்? கோட்டை விசயத்தில இந்த ஒதுங்கலுக்குக் காரணமே இல்லை. இதை எந்த இனமும் ‘எங்கட முன்னோர் கட்டினது’ எண்டு தூக்கிப் பிடிக்காது. சண்டைக்கு இழுக்க முடியாத அபூர்வமான பழங்கட்டடம் இது. கிழக்கில மரபுரிமையைச் சேர்ந்து பாதுகாக்கப் பழகுறதுக்கு இதை விட நல்ல இடம் கிடைக்காது.

சீமெந்து பூசினால் போதுமா?

திருத்துறது எண்டா வெள்ளையடிச்சு, வெடிப்பில சீமெந்து அப்புறது எண்டு நினைப்பம். பழைய கல்லுக்கட்டடத்துக்கு அது நஞ்சு. வாவித் தண்ணி உவர். அத்திவாரம் ஈரத்தை உறிஞ்ச, அது சுவருக்குள்ளால மேலே ஏறும், உப்பையும் கூட்டிக்கொண்டு. சுண்ணாம்புச் சாந்து நுண்துளை உள்ளது. ஈரம் அதுக்குள்ளால வெளியே ஆவியாகிப் போகும், உப்புச் சாந்தில பூக்கும், சாந்து உதிரும். உதிர்ந்த சாந்தைச் சுரண்டிப்போட்டுப் புதுசாப் பூசலாம், கல் தப்பும். சீமெந்து அந்த வழியை அடைச்சுப்போடும். ஈரம் உள்ளேயே நிற்கும், உப்பு கல்லுக்குள்ளேயே பளிங்காகி அதை உள்ளிருந்து உடைக்கும். வெளியில பார்த்தாச் சுவர் நல்லா இருக்கும். சில வருசம் கழிச்சுச் சீமெந்தோட சேர்ந்து கல்லும் செதில் செதிலாக் கழரும்.

சுவர் இடுக்கில முளைக்கிற அரசு, ஆலும் அப்படித்தான். மேலே வெட்டினா வேர் இன்னும் தடிக்கும். வேரை உயிரோட இழுத்தாக் கல்லும் வரும். வேரைச் சாகடிச்சு, காயவிட்டு, துண்டு துண்டா எடுத்து, அந்த ஓட்டையைச் சுண்ணாம்பால நிரப்ப வேணும். பொறுமையான வேலை. ஒப்பந்தக்காரர் மார்ச்சுக்குள்ள பில் போடுற வேலை இல்லை.

சுண்ணாம்புக்கும் ஒரு சிக்கல் இருக்கு. எங்கட கரையோரத்தில முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையில சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தாங்க. 900 பாகை செல்சியஸ் அளவில சுட்டா கரியமிலவாயு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணி ஊற்றி நீற்றிச் சுவரில வைச்சா, காற்றிலயிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத் திரும்பவும் கல்லாகும். ஆனா கல்குடாப் பக்கம் முருகைப்பார்களை அகழ்ந்து கரை எப்படிப் பலவீனமானது எண்டு எங்களுக்குத் தெரியும். 1988இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு முருகைக்கல் அகழ்வு தடை செய்யப்பட்டது. அதால கோட்டைக்குத் தேவையான சுண்ணாம்பு உள்நாட்டுச் சுண்ணக்கல்லிலயிருந்துதான் வர வேணும். ஒரு கடற்கோட்டையைக் காப்பாற்றக் கடலை உடைக்கக்கூடாது.

மூன்று கோட்டை, மூன்று வழி

வேற ஊர்களில என்ன செஞ்சாங்க எண்டும் பார்ப்பம். காலிக் கோட்டை 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே வீடு, பள்ளி, தேவாலயம், நீதிமன்றம் எல்லாம் இருக்கிற உயிருள்ள ஊர். ஆனா பெயர் ஏற ஏறக் காணி விலையும் ஏறி, பல வீடுகள் கைமாறி விடுதியும் கடையும் ஆயிட்டுது. கொழும்பின் பழைய ஒல்லாந்த ஆஸ்பத்திரி 2011இல் திருத்தப்பட்டுச் சாப்பாட்டுக் கடைகளும் புடவைக் கடைகளும் உள்ள வளாகமாச்சு. சுவர் தப்பிச்சுது, கோப்பி விலையைப் பார்த்தா எங்கட அம்மம்மா உள்ள போகமாட்டா. யாழ்ப்பாணக் கோட்டை 1990 முற்றுகையிலும் அதுக்குப் பிந்தின சண்டையிலும் சிதைஞ்சுது. 1706இல் கட்டின ஒல்லாந்தத் தேவாலயமும் அழிஞ்சு போச்சு. போருக்குப் பிறகு நெதர்லாந்தின் உதவியோட மதில்களைத் திரும்பக் கட்டினாங்க. பின்னேரத்தில சனம் போய்க் காத்து வாங்குது. அதே நேரம், புதுக் கல்லை அடுக்கி நேராக்கின மதிலைப் பார்த்தா இங்க ஒரு போர் நடந்தது எண்டதே தெரியாது.

மட்டக்களப்புக்கு இந்த மூன்றிலும் எதையும் அப்படியே எடுக்க ஏலாது. ‘ஒல்லாந்தர் காலத்தில இருந்த மாதிரி’ திருப்பிக் கட்டுறம் எண்டு கச்சேரிக் காலத்துத் தடுப்பு, கவுண்டர், இலக்கம் அடிச்ச கதவு எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சா, 30 வருசப் போரில எங்கட சனம் நின்ற இடம் அழிஞ்சு போகும். மிஞ்சுறது வெறும் வெள்ளைக்காரன் கோட்டைதான்.

அதனால எங்கட கோரிக்கைகளை இங்க எழுதி வைக்கிறம். ஒண்டு, கச்சேரிக் காலத்து அறையும் விறாந்தையும் ஒரு பகுதி அப்படியே வைக்கப்பட வேணும். வரிசையில நின்றவர்களின் வாய்மொழிக் கதைகள் அவர்கள் உயிரோட இருக்கும்போதே பதியப்பட வேணும். இந்தப் பதிவு வேலைக்கு அனுமதியோ நிதியோ தேவையில்லை, ஒரு போனும் பொறுமையும் போதும், நாங்களே தொடங்கலாம். இரண்டு, எழுதி வைக்கிற பலகைகள் தமிழ், சிங்களம், ஆங்கிலத்தோட பறங்கியரின் கிரியோல் மொழியிலயும் இருக்க வேணும். மூன்று, மரவேலைக்கும் சுண்ணாம்பு வேலைக்கும் எங்கட மாவட்டத்துப் பிள்ளைகள் பழக்கப்பட வேணும். திருத்தம் முடிய அந்தக் கைத்தொழில் ஊரில மிஞ்ச வேணும். நாலு, உள்முற்றம் காசில்லாம எல்லாருக்கும் திறந்திருக்க வேணும். ஐந்து, முடிவெடுக்கிற மேசையில இந்த மாவட்டத்தின் எல்லாச் சமூகமும் இருக்க வேணும்.

எங்கட வழக்கப்படி ஒரு வீடு மகளுக்குப் போறது அவள் அதில இருந்து, விளக்கேற்றி, ஓடு மாத்தி, அடுத்தவளுக்குக் குடுப்பாள் எண்ட நம்பிக்கையில. கோட்டைக்கு அப்படி ஒரு மகள் இல்லை. அந்த விறாந்தையில காத்திருந்த எல்லாருடைய பிள்ளைகளும்தான் அதுக்கு வாரிசு எண்டு நாங்கள் நினைக்கிறம். 2028 வர அதிக காலம் இல்லை. உங்கட வீட்டில கச்சேரிக்கு அலைஞ்சவங்க ஆரும் இருந்தா, இந்த விடுமுறையில அவங்களுக்குப் பக்கத்தில இருந்து முழுக்கதையையும் கேட்டு எழுதி வைங்க.